அந்த நோட்டை ஒரு தடவையாவது பிரித்துப் பார்த்தீர்களா?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். அப்பா ஆரம்பித்த தொழில். ஃபேக்டரி அண்ணன் பொறுப்பு, பையர், ஆர்டரைப் பின்தொடர்ந்து முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசிங் எல்லாம் என் பொறுப்பு, அக்கவுண்ட்ஸ் அக்கா வீட்டுக்காரர் கையில். மூன்று பக்கமும் தனித்தனி ஐடி ஆட்கள், தனித்தனி சாஃப்ட்வேர். ஃபேக்டரியில் உள்ளூர்ப் பையன் எழுதிக் கொடுத்த புரோகிராம், என்னிடம் எக்செல், அக்கவுண்ட்ஸில் டேலி. ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸில் அப்பா காலத்திலிருந்து இருக்கும் ஒரு அம்மா மூன்றையும் நோட்டில் எழுதி ஒத்துப்பார்த்துவிடுவார், அதனால் பெரிய பிரச்சினை வந்ததில்லை. இப்போது எல்லாவற்றையும், மொத்தக் கம்பெனியையும் ஒன்றாக நடத்தும் ஈஆர்பி என்ற ஒரே சாஃப்ட்வேருக்குக் கொண்டுவந்து, மூன்று ஐடி ஆட்களையும் எனக்குக் கீழ் ஒரே டிபார்ட்மெண்ட் ஆக்கப் பார்க்கிறேன். மூன்று கம்பெனிகளின் கொட்டேஷன் கையில் இருக்கிறது. விஜயதசமி அன்று ஆரம்பிக்க அப்பா சரி என்றுவிட்டார். அண்ணன்தான் முடியாது என்கிறார். பத்தாவதோடு நின்றவர், சொன்னால் புரியாது. எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: தம்பி, அண்ணனைச் சம்மதிக்க வைக்கும் வித்தை எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். இதே கடிதம் எனக்குக் கரூரிலிருந்து வரும், சிவகாசியிலிருந்து வரும், சரக்குதான் மாறும். படித்த தம்பி, படிக்காத அண்ணன், நடுவில் ஒரு கொட்டேஷன். படித்துப் படித்து அலுத்துப்போன எனக்கு உங்கள் கடிதத்தில் தூக்கிவாரிப் போட்டது ஒரே ஒரு வரிதான். ஒரு அம்மா மூன்றையும் நோட்டில் எழுதி ஒத்துப்பார்த்துவிடுவார், பிரச்சினை வந்ததில்லை. இதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டு அடுத்த வரியில் ஈஆர்பிக்குத் தாவிவிட்டீர்கள்.

அந்த நோட்டை ஒரு தடவையாவது பிரித்துப் பார்த்தீர்களா?

பார்த்திருக்க மாட்டீர்கள். இந்த மாதிரி நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன், அதனால் உள்ளே என்ன இருக்கும் என்று சொல்கிறேன். துணிக்குச் சாயம் போட்டுத் தருகிற ஒரே டையிங்காரர் ஃபேக்டரி புரோகிராமில் ஒரு பெயரில் இருப்பார், டேலியில் ஜிஎஸ்டி பதிவுப் பெயரில் இருப்பார், உங்கள் எக்செல்லில் நீங்கள் போனில் கூப்பிடுகிற பெயரில் இருப்பார். மூன்றும் ஒரே ஆள் என்று அந்த அம்மா நோட்டின் ஓரத்தில் கோடு இழுத்து எழுதியிருப்பார். பையர் கொடுத்த ஸ்டைல் நம்பர் ஒன்று, உங்கள் மெர்ச்சண்டைசர் வைத்தது ஒன்று, கட்டிங் மாஸ்டர் லாட் அட்டையில் எழுதுவது இன்னொன்று, அதுவும் அங்கே இருக்கும். ஆர்டரை நீங்கள் பீஸில் போடுவீர்கள், துணி கிலோவில் போகும், டையிங்கிலிருந்து எடை குறைந்து திரும்பும். எந்தப் பட்டறையில் எந்த ஷேடுக்கு எவ்வளவு குறைவது நியாயம், எதற்கு மேல் போனால் போன் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டும் என்பது உங்கள் மூன்று சாஃப்ட்வேரிலும் கிடையாது. அவருக்குத் தெரியும்.

ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கூலிக்கு வேலை செய்து வாங்க, போன சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பாவிட்டால், ஜிஎஸ்டி சட்டம் 143-ஆவது பிரிவுப்படி, அனுப்பிய அன்றைக்கே விற்றுவிட்டதாகக் கணக்கு. வரியும் வட்டியும் உங்கள் தலையில். நிட்டிங்குக்கும் டையிங்குக்கும் பிரிண்டிங்குக்கும் போய் வருகிற சலான்களை, ஜாப் ஒர்க் கணக்கை ஜிஎஸ்டிக்குக் காட்டும் ஐடிசி-04 ஃபாரத்துக்காக ஒன்றோடொன்று பொருத்துவது யார்? நீங்களா, அக்கா வீட்டுக்காரரா? பிரச்சினை வந்ததில்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? பிரச்சினை மாதாமாதம் வருகிறது, அது உங்கள் மேஜைக்கு வராமல் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். மாதக் கடைசியில் அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார், அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பு பற்றவைப்பது யார் என்று கேட்டதுண்டா? மகளுக்குக் கல்யாணம் என்று அவர் பதினைந்து நாள் லீவு போட்டால் உங்கள் கம்பெனியின் கணக்கு எங்கே நிற்கும்?

சாஃப்ட்வேர்க்காரர்கள் முதல் நாளே மாஸ்டர் டேட்டா, அதாவது பார்ட்டி பெயர், ஸ்டைல் நம்பர் மாதிரி அடிப்படைப் பட்டியல்கள், கேட்பார்கள். நீங்கள் மூன்று பக்கத்திலிருந்தும் மூன்று ஃபைலை எடுத்துக் கொடுப்பீர்கள். அந்த டையிங்காரர் புது ஈஆர்பியில் மூன்று ஆளாகப் பிறப்பார், அட்வான்ஸ் ஒரு பெயரில், பில் இன்னொரு பெயரில். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்து, அது வருஷக் கடைசியிலும் நின்றால், அந்த வருஷம் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியில் இப்போது ஒரு விதி இருக்கிறது, ஒப்பந்தம் எழுதாவிட்டால் 15 நாள்தான். பாக்கி மூன்றாக உடைந்து கிடந்தால் எந்தப் பில்லுக்குக் கெடு தாண்டிவிட்டது என்று யாருக்குத் தெரியும்? ஆடிட்டர் வந்து சொல்லும்போது தெரியும்.

அப்புறம் அந்த விஜயதசமி. நல்ல நாள் பார்ப்பதை நான் கேலி செய்ய மாட்டேன், எங்கள் வீட்டிலும் பார்ப்போம். ஆனால் விஜயதசமிக்கும் தீபாவளிக்கும் நடுவில் மூன்று வாரம்கூட இருக்காது. போனஸ் கணக்கு, கான்ட்ராக்டர் அட்வான்ஸ், ஊருக்குப் போகிற ஆட்கள், அவர்கள் கிளம்புவதற்குள் முடிக்க வேண்டிய ஷிப்மெண்ட், இதற்கு நடுவில் பழைய சாஃப்ட்வேரை மூடிவிட்டுப் புதியதைத் திறப்பீர்களாம். அமெரிக்காவில் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999-ல் இதைத்தான் செய்தது. நாலு வருஷம் பிடிக்கும் என்ற வேலையை 30 மாதத்தில் முடிக்கப் பார்த்து, மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் சாஃப்ட்வேரை ஜூலையில் ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். அவர்களுடைய சீசன் அக்டோபர் கடைசியில் வருகிற ஹாலோவீன். கடைக்காரர்கள் கேட்கிறார்கள், கிடங்கில் சாக்லேட் இருக்கிறது, அனுப்ப முடியவில்லை. 10 கோடி டாலருக்கு மேல் ஆர்டர் கைவிட்டுப் போனது. அவ்வளவு பெரிய கம்பெனி தாங்கியது. நீங்கள் ஒரு கன்டெய்னரை விட்டால் அடுத்த சீசனுக்கு அந்தப் பையர் இருக்க மாட்டார். விஜயதசமிக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்துப் பூஜை போடுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது அண்ணனுக்கு வருகிறேன். மெல்வின் கான்வே என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிபுணர் 1968-லேயே எழுதினார், ஒரு நிறுவனத்தில் ஆட்கள் எப்படிப் பிரிந்து கிடக்கிறார்களோ அதே வடிவத்தில்தான் அவர்கள் உருவாக்கும் சிஸ்டமும் வரும் என்று. உங்கள் அப்பா மூன்று பேருக்கு மூன்று அறை கொடுத்தார், மூன்று சாஃப்ட்வேர் வந்தது. அறை அப்படியே இருக்கும்போது சாஃப்ட்வேரை மட்டும் ஒன்றாக்கினால் யார் கையில் சாவி என்பதுதான் கேள்வி. நீங்கள் கேட்பதும் அந்தச் சாவியைத்தான். மூன்று ஐடி ஆட்களும் உங்களுக்குக் கீழே வந்துவிட்டால் ஃபேக்டரியில் பீஸ் ரேட் என்ன, எந்தக் கான்ட்ராக்டருக்கு எவ்வளவு அட்வான்ஸ் நிற்கிறது என்பதெல்லாம் உங்கள் போனில் தெரியும். பையர் உங்களுக்குக் கொடுக்கும் விலை அண்ணன் போனில் தெரியுமா? அதைப் பற்றிக் கடிதத்தில் மூச்சே காணோம். பத்தாவது படித்தவருக்குப் புரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைவிடச் சீக்கிரமாக அவருக்குப் புரிந்துவிட்டது, அதனால்தான் முடியாது என்கிறார்.

இதில் என் எண்ணம் பழைய எண்ணம்தான், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அண்ணனிடம் பேசாமல் அப்பாவிடம் சரி வாங்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிற்பது தப்பு. வயதான மனிதரை இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நிறுத்தியதற்கு முதலில் அப்பாவிடமே போய் மன்னிப்புக் கேளுங்கள். மூத்தவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டச் சொல்லவில்லை. கூட்டுத் தொழில் என்றால் கணக்கு மூன்று பேருக்கும் திறந்திருக்க வேண்டும், உங்கள் விலையும் அவர் கூலியும் சேர்த்து. அதற்கு மனசில்லை என்றால் பாகம் பிரித்துக்கொள்ளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. சாஃப்ட்வேரைக் காட்டி அண்ணன் பாகத்துக்குள் நுழைவதுதான் அசிங்கம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? இந்த மாதக் கடைசியில் நீங்களும் அண்ணனும் அக்கா வீட்டுக்காரரும் அந்த அம்மாவின் மேஜைக்குப் போய் உட்காருங்கள். கான்ஃபரன்ஸ் ரூமுக்கு அவரைக் கூப்பிடாதீர்கள். நோட்டைப் பார்த்துப் பார்ட்டி பெயர், ஸ்டைல் நம்பர், அளவு மூன்றுக்கும் ஒரே பட்டியல் போடுங்கள். யார் எதைத் திருத்தலாம் என்பதையும் அங்கேயே முடிவு செய்யுங்கள். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு சாஃப்ட்வேரில் செய்கிற ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும், எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைகிற வழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள். முதலில் ஃபேக்டரி சலானை மட்டும் டேலியோடு இணைத்துப் பாருங்கள். இரண்டு மாதக் கடைசி நோட்டும் கம்ப்யூட்டரும் ஒத்துப்போனால் அடுத்ததைத் தொடலாம், கொட்டேஷன் அதுவரை டிராயரில் கிடக்கட்டும். ஐடி ஆட்கள் மூவரும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், இந்த இணைப்பு வேலைக்கு மட்டும் அந்த அம்மாவுக்குக் கீழே வேலை பார்க்கட்டும். உங்களுக்குக் கீழே வேண்டாம்.

இதையெல்லாம் செய்துவிட்டு மறுபடி எழுதுங்கள். மூன்று கம்பெனிகளின் விலையையும் விசாரித்து வைத்திருக்கிறீர்கள், அந்த அம்மாவுக்கு மாதம் என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள் என்பதையும் அடுத்த கடிதத்தில் குறிப்பிடுங்கள்.