கணவர் அமெரிக்க இராணுவம், என் பரத வகுப்பு என்னவாகும்?

தங்கச்சி, கோண்டாவிலில் இருந்து கலியாணம் கட்டிப் போகிறீர்கள். கணவருக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருக்கால் இடமாற்றம், இனிப் பரதம் படிப்பிக்க ஏலாதோ என்று கேட்கிறீர்கள். என் தங்கை இதே பாதையில் ஒன்பது வருடம் ஓடியவள், அதனால் சொல்கிறேன்.

வட இலங்கைச் சங்கீத சபையின் ஆசிரியர் தரப் பரீட்சை பாக்கி என்றீர்களே, அதை முடிக்காமல் விமானம் ஏறாதீர்கள். பிறகு அதற்கென்று திரும்பி வருவது லேசில்லை. அங்கே போய் வேலை அனுமதி கையில் வரும்வரை காசுக்கு வகுப்பு எடுக்கவும் வேண்டாம்.

அப்புறம், வகுப்பை இணையத்தில் தொடங்குங்கள். மண்டபம் பிடித்துப் பிள்ளை சேர்த்தால் அடுத்த மாற்றத்தோடு எல்லாம் போய்விடும். தங்கை இரண்டு தடவை அப்படி இழந்தாள். இப்போது அவளிடம் படிப்பவர்கள் ரொறன்ரோவிலும் இணுவிலிலும். கோடையில் நியூயோர்க்கில் இரவு 8 மணி என்றால் இங்கே விடிய 5.30. பிள்ளைகள் எழும்பிவிடுவார்கள், தாய்மார்தான் முணுமுணுப்பார்கள்.

இராணுவ முகாம் வீட்டில் நேரில் படிப்பிப்பதென்றால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வேண்டும். வீடு மாறும்போது மனைவியின் தொழில் சாமான் 500 இறாத்தல் வரை, இராணுவச் செலவில் ஏற்றும் வீட்டுச் சாமானின் நிறைக்கணக்கில் சேராது; தட்டுக்கழி, சுருதிப்பெட்டி, மிருதங்கம், புத்தகங்களைத் தனியாகக் கட்டி, பட்டியலிலும் தனியாக எழுதுங்கள். தங்கைக்கு இது மூன்றாவது மாற்றத்தில்தான் தெரிந்தது.

இராணுவத்தினரின் மனைவிமார் படிக்கத் தரும் மைக்கா (MyCAA) உதவித்தொகை 4,000 டொலர் வரை உண்டு, ஆனால் கணவரின் இராணுவப் பதவித் தரத்தைப் பார்த்துத்தான் தருவார்கள். இளமாணிப் பட்டத்துக்குக் கிடைக்காது, சான்றிதழ்ப் படிப்புக்குக் கேட்கலாம்.

எந்த மாநிலம் என்று தெரிந்ததும் எழுதுங்கள், தங்கையிடம் கேட்டுச் சொல்கிறேன்.