பேரிக்காயை நறுக்காத அம்மா

அன்புள்ள அக்கா,

கொரோனா காலத்தில் மெல்பர்னிலிருந்து இணையவழியாகப் பாடம் நடத்தியதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என்னோடு வேலை பார்க்கும் சீன அம்மா ஒருவரின் மகள் ஹாங்சோவில் இருக்கிறாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இணையவழியிலேயே முதுகலை படிக்கலாம். நேரில் போவதில் பாதிகூடச் செலவாகாது, பிள்ளையும் வீட்டிலேயே இருக்கும். இவரோ, கடன் வாங்கியாவது நேரில்தான் அனுப்புவேன் என்கிறார். சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளும் பவிசுதானே இது? எப்படி எடுத்துச்சொல்வது?

கே., சிங்கப்பூர்

அன்புள்ள கே.,

போன வாரம்தான் பழைய மடிக்கணினியைத் துடைத்தெடுத்தேன். 2021ஆம் வருட வருகைப் பட்டியல் கிடைத்தது. அந்தப் பிள்ளைகளின் வீடுகள் நினைவுக்கு வந்தன. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம். 'பவிசு' என்ற சொல்லில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, மன்னிக்கவும்.

இணைய வேகம், சீனாவில் திறக்காத தளங்கள், தேர்வில் காப்பி, இதையெல்லாம் நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். வெளிநாட்டுப் பட்டத்தோடு சீனா திரும்புகிறவர்கள், கல்வி அமைச்சைச் சேர்ந்த ஒரு மையத்தில் அதற்குச் சான்று வாங்கவேண்டும். அரசு வேலைக்கு அதைக் கேட்பார்கள். ஷாங்காயில் திரும்பி வந்தவர்களுக்கான ஹுகோ, அதாவது குடிப்பதிவு, வாங்கவும் அது வேண்டும். கொரோனாவுக்கு முன்பு, வீட்டிலிருந்தபடியே இணையத்தில் படித்த வெளிநாட்டுப் பட்டத்துக்கு அந்தச் சான்று கிடையாது. தொற்றுக் காலத்தில் மட்டும் விதியைத் தளர்த்தினார்கள். 2023 ஜனவரி 28, சீனப் புத்தாண்டு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, சனிக்கிழமை, அறிவிப்பு வந்தது: வரும் பருவத்திலிருந்து சலுகை ரத்து. எங்களுக்கு வகுப்பு தொடங்க ஒரு மாதம் இருந்தது. விசா, டிக்கெட், அறை எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் ஓடினார்கள். வகுப்புக்கு முதல் நாள் ராத்திரி பெட்டியோடு வந்து இறங்கி, நண்பன் வீட்டுச் சோபாவில் படுத்தவனை எனக்குத் தெரியும்.

பட்டா இல்லாத நிலத்தைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் உங்கள் அப்பா வாங்குவாரா? 'அடடா, எவ்வளவு மிச்சம்' என்று துள்ளுவாரா? உங்கள் தோழி கேட்பது பட்டா. அதைப் போய்ப் பவிசு என்கிறீர்கள். 1872இல் சீன அரசு அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பத் தொடங்கிய 120 சிறுவர்களில் ஒருவர் ஜான் தியான்யூ. அப்போது வயது பதினொன்று. நோய் வந்தாலும் உயிர் போனாலும் விதி என்று ஏற்கிறேன் என அவருடைய அப்பா எழுதிக்கொடுத்துத்தான் அனுப்பினார். பிற்காலத்தில் பெய்ஜிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்கு ரயில்பாதை போட்டது அந்தப் பையன்தான். அந்த அப்பா கையெழுத்துப் போட்டதும் பவிசுக்காகவா?

சரி, என் கோபத்துக்கு வேறு காரணம் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன், அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

2021 ஆகஸ்டில் புள்ளியியல் வகுப்பு. எனக்குக் காலை ஒன்பது மணி, செங்டுவில் இருந்த ஒரு பெண்ணுக்கு ஏழு. பாதி வகுப்பில் திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை வரும். பச்சைக் கல்வளையல் போட்ட கை. தோல் சீவிய முழுப் பேரிக்காய் ஒன்றைச் சின்னத் தட்டோடு வைக்கும். வைத்துவிட்டு உடனே போகாது. மேசை விளிம்பைப் பிடித்தபடி அங்கேயே நிற்கும். கட்டிய காசுக்கு நான் ஒழுங்காகப் பாடம் நடத்துகிறேனா என்று அந்த அம்மா வேவு பார்ப்பதாகத் தோன்றும். என்னை அறியாமல் நிமிர்ந்து உட்காருவேன், எரிச்சலும் வரும்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் விளையாட்டாகக் கேட்டேன்: "ஏம்மா, அம்மா உனக்கு நறுக்கித் தரமாட்டாங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். பேரிக்காய்க்கும் பிரிவுக்கும் சீனத்தில் ஒரே ஒலி, லீ. ஒரு பேரிக்காயை வெட்டி இரண்டுபேர் தின்றால் பிரிவு வந்துவிடும் என்று பயம். "அம்மாவும் நானும் எப்பவும் ஆளுக்கு ஒண்ணுதான். பழம் ஒண்ணே ஒண்ணு இருந்தா அம்மா சாப்பிடமாட்டாங்க."

2023 பிப்ரவரியில் வகுப்பறையில் அவளை நேரில் பார்த்தேன். திரையில் பார்த்ததைவிட ரொம்பக் குள்ளம். கடைசி வருடம். அம்மா எப்படி இருக்காங்க என்றேன். அந்த அறிவிப்பு வந்த மூன்று வாரத்தில் அம்மா விமானம் ஏற்றிவிட்டாராம். பெட்டியில் பாதிக்கு மிளகாய்ப் பொடி. விமான நிலையத்துக்கு மட்டும் வரவில்லையாம்.

என்ன கேட்டிருந்தீர்கள்? உங்கள் தோழிக்கு எப்படி எடுத்துச்சொல்வது என்று. ஒன்றும் சொல்லவேண்டாம், சும்மா இரும்மா. மகள் எந்த ஊருக்குப் போகிறாள், அங்கே குளிர் எப்படி என்று கேளுங்கள். மதியம் பழம் நறுக்கி எல்லோருக்கும் கொடுக்கிற பழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், பேரிக்காயை மட்டும் அவருக்கு முழுசாகக் கொடுங்கள்.