கடுகு எங்க இருக்கோ கெப்பாசிட்டரும் அங்கதான்

கேள்வி: எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கேன் சார், 2000 ஐட்டத்துக்கு மேல இருக்கு. கம்பெனி வாரியா அழகா அடுக்கியும் பையன் ஒரு பொருள் எடுத்துட்டு வர அஞ்சு நிமிஷம் ஆகுது. பில்லிங் கம்ப்யூட்டரும் இழுக்குது. புது சாஃப்ட்வேர் வாங்கிரலாமா?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. வீட்டு அடுப்படில ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. கடுகு, உளுந்து, சீரகமெல்லாம் அஞ்சறைப்பெட்டில கைக்கிட்டயே இருக்கும், மிச்ச பாக்கெட் ஷெல்ஃப்ல, முறுக்கு அச்சு பரண் மேல. யாரும் கம்பெனி வாரியா அடுக்கல (அது சேல்ஸ் ரெப்புக்குத்தான் சந்தோஷம்). கம்ப்யூட்டருக்குள்ளயும் இதே கதைதான், ப்ராசஸர்கிட்டயே கேஷ்னு ஒரு குட்டி டப்பா, அதுல எடுக்க ஒரு நானோசெகண்ட் போதும், ரேமுக்குப் போனா நூறு கிட்ட, பழைய ஹார்ட் டிஸ்க்குனா 10 மில்லிசெகண்ட், அதாவது ரேமை விட லட்சம் மடங்கு.

டப்பா நிரம்பிட்டா எதை வெளிய தள்றது? எது இனி ரொம்ப நாள் கழிச்சுத்தான் தேவைப்படுமோ அதைத் தள்ளுன்னு 1966ல ஐபிஎம்ல இருந்த பெலாடி சொன்னார். சரிதான், ஆனா அதுக்கு ஜோசியம் தெரியணும். அதனால ரொம்ப நாளா தொடாததைத் தள்றாங்க. 1985ல ஸ்லீட்டர், டார்ஜன்னு ரெண்டு கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்னு நிரூபிச்சாங்க, வரிசைல தேடி எடுத்ததை முன்னாடியே வச்சுட்டு வந்தா, வரப்போறது எல்லாம் தெரிஞ்சவன் அடுக்குறதை விட மிஞ்சிப்போனா ரெண்டு மடங்கு வேலைதான் ஆகும்னு.

அதனால கவுண்டருக்குப் பின்னாடி ஒரு ரேக்கை காலி பண்ணுங்க. உள்ள இருந்து எடுத்தாலும் சரி, அந்த ரேக்ல இருந்தே எடுத்தாலும் சரி, டப்பாவை ரேக்ல இடது ஓரம் வைக்கணும், மத்ததை வலப்பக்கம் தள்ளணும், நிரம்பிட்டா வலது ஓரத்து டப்பா உள்ள போகணும், ஆனா அதோட நம்பர் போட்ட இடத்துக்கே போகணும், இதுல பையன் ஏமாத்துனா எல்லாம் போச்சு. கொஞ்ச நாள்ல 2.5 மைக்ரோஃபேரட் ஃபேன் கெப்பாசிட்டர், ஹோல்டர், இன்சுலேஷன் டேப்லாம் தானா இடதுபக்கம் குடியேறிடும். தீபாவளி வாரம் முறுக்கு அச்சு அடுப்புப் பக்கத்துலயே கிடக்குமே, அப்படி சீசன் வந்தா சீரியல் லைட்டும் முன்னாடி வந்துரும், நீங்க ஒண்ணும் திட்டம் போட வேணாம்.

பேட்டரி செல் மாதிரி தேதி போட்ட சரக்குக்கு மட்டும் அரிசி மூட்டை கணக்கு, பழசு தீர்ந்தப்புறம்தான் புதுசு. டப்பா எங்க வேணா நகரட்டும், டப்பாக்குள்ள பழசு மேல இருக்கணும்.

கம்ப்யூட்டர்ல டாஸ்க் மேனேஜரை (எது எவ்வளவு வேலை பாக்குதுன்னு காட்டுற திரை) திறந்து வச்சுட்டு பில் போடுங்க. மெமரி 90 சதவீதத்துக்கு மேல நின்னா ரேமைக் கூட்டுங்க, டிஸ்க் 100லயே நின்னா ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியா (சுத்துற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) மாத்துங்க. அதுக்கப்புறமும் இழுத்தா சாஃப்ட்வேர் பத்திப் பேசுவோம்.