டர்பன் வீட்டு அடுப்பில் மூலிகை ஃபொகாச்சியா மெத்தென்று வர என்ன செய்யலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறீர்கள், ரோஸ்மேரி தூவி வீட்டில் சுடும் ஃபொகாச்சியா என்னும் இத்தாலியத் தட்டை ரொட்டி இறுகித் தடித்துவிடுகிறது, உள்ளே கண்ணறையே விழவில்லை, பிசைவதில் குறையா, அடுப்பில் குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டிலும் இல்லை என்பேன். மாவில் தண்ணீர் போதவில்லை.

நம் வீடுகளில் கை சப்பாத்தி மாவுக்குப் பழகியது. ஒட்டினால் உடனே ஒரு பிடி உலர்ந்த மாவைத் தூவி உருட்டிவிடுவோம். சப்பாத்திக்கு அது சரி. ஃபொகாச்சியாவைக் கெடுப்பது அந்த ஒரு பிடிதான். 500 கிராம் மாவுக்கு 400 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். கலந்தவுடன் உளுந்துவடை மாவைப் போலத் தளர்ந்து ஒட்டும், பயப்படாதீர்கள். கடையில் ‘கேக் ஃபிளவர்’ என்று விற்கும் மாவை எடுக்காமல் ‘பிரெட் ஃபிளவர்’ வாங்குங்கள். அதில் புரதம் கூடுதல். அவ்வளவு தண்ணீரையும் அதுதான் தாங்கும். உப்பு 8 கிராம், ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, உடனடி ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 3 கிராம். 10 கிராம் பொட்டலம் முழுவதையும் கொட்டிவிடாதீர்கள். நம் ஊர்க் கோடை வெக்கையில் மாவு ஒரு மணி நேரத்தில் பொங்கி, சுவை ஏறுவதற்கு முன்பே புளிப்பும் ஈஸ்ட் வாடையும் ஏறிவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஃபிரிஜ்ஜில் குளிர்ந்த தண்ணீரையே ஊற்றலாம்.

பிசைய வேண்டாம். அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு கையை நனைத்துக்கொண்டு, மாவின் ஓர் ஓரத்தைத் தூக்கி நீட்டி நடுவில் மடியுங்கள். பாத்திரத்தைத் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் இப்படிச் செய்யுங்கள். அரை மணிக்கு ஒரு முறையாக மூன்று முறை போதும். முதல் முறை அறுந்து அறுந்து வரும் மாவு, மூன்றாம் முறை வழவழவென்று ஒரே துணியாக எழும்பும். மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரதம் நீரும் நேரமும் இருந்தாலே தானாகப் பின்னிக்கொள்ளும், கைவலி தேவையில்லை. அதன் பிறகு மூடி, ஃபிரிஜ்ஜில் ஓர் இரவு. குளிரில் ஈஸ்ட் மெதுவாகிறது. மாவிலுள்ள நொதிகள் மாச்சத்தைச் சர்க்கரையாக்கும் வேலை மட்டும் மெல்ல நடந்துகொண்டே இருக்கும். நல்ல நிறமும் மணமும் அங்கிருந்துதான் வருகின்றன. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது பிற்பகலில் சுடுவதற்காக வெளியே வைத்த மாவு பலருக்கும் வீணாகிப் போனது. ஃபிரிஜ் மாவோ, கதவைத் திறக்காத வரை இரண்டு மணி நேர வெட்டைப் பொருட்படுத்தாமல் மின்சாரம் வரும்வரை காத்திருக்கும்.

(ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் என் அக்கா இதே அளவில் செய்தால் மாவு வேறு மாதிரி நடந்துகொள்கிறது. ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். காற்றழுத்தம் குறைவு, மாவு சீக்கிரம் உப்பும். காற்றும் வறண்டது என்பதால் இரண்டு மூன்று கரண்டித் தண்ணீர் கூடுதலாக ஊற்றுகிறாள். அங்கிருந்து வரும் குறிப்பை டர்பனில் அப்படியே பின்பற்றினால் சரிவராது.)

மறுநாள் ஓர் உலோகத் தட்டில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி மாவைச் சரியுங்கள். கோடையில் இரண்டு மணி நேரம், ஜூன் ஜூலைக் குளிரில் மூன்றுக்கு மேல் உப்ப விடுங்கள். தட்டை ஆட்டினால் மாவு ததும்ப வேண்டும். இப்போது 60 மில்லி வெந்நீரில் 4 கிராம் உப்பைக் கரைத்து ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் சேர்த்து அடித்து மேலே ஊற்றுங்கள். இத்தாலியின் ஜெனோவா நகரத்து முறை இதுதான். அங்கே இதைச் சலமோயா என்பார்கள். பிறகு பத்து விரல்களையும் தட்டின் அடி தட்டுப்படும்வரை நேராக இறக்குங்கள். விரலுக்குப் பக்கத்தில் குமிழ்கள் உப்பி எழும். குழிகளில் உப்புநீரும் எண்ணெயும் தேங்கும். வெந்த பிறகு அந்தக் குழிகள் மட்டும் வெளிறி ஈரமாகவும் சுற்றிலும் பொன்னிறமாகவும் இருக்கும். இந்த ஒரு படியைத் தவிர்ப்பவர்களுக்கு, வேறு எதைச் சரியாகச் செய்தாலும் அந்தச் சுவை கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

மூலிகை விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஜெனோவாவில் அன்றாட ஃபொகாச்சியாவில் எண்ணெயும் உப்பும்தான், மூலிகை கட்டாயமில்லை. ரோஸ்மேரி இலை தடித்தது, சூட்டைத் தாங்கும். ஆனால் உலர்ந்தபடி மேலே கிடந்தால் கருகிக் கசக்கும். எண்ணெயில் புரட்டிக் குழிக்குள் அழுத்துங்கள். சேஜ் இலையைப் பொடியாக நறுக்கி மாவிலேயே கலக்கலாம். பேசில் இலையை அடுப்புக்குள் அனுப்பவே கூடாது. ரொட்டி வெளியே வந்த பின் கிள்ளிப் போடுங்கள். கொல்லையில் கறிவேப்பிலை மரம் இருக்கிறதே என்று தோன்றும். போடலாம், நன்றாகவே இருக்கும். எண்ணெயில் இளஞ்சூட்டில் பொரித்து, வெந்த ரொட்டியின்மேல் ஊற்றுங்கள். அதை இத்தாலிய ரொட்டி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அடுப்பு 220 டிகிரி, கீழ்த்தட்டு, 20 முதல் 25 நிமிடம். ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கம் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். எடுத்தவுடன் கம்பித் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடி நமுத்துவிடும்.

முட்டை, பால், வெண்ணெய் எதுவும் இல்லாததால் புரட்டாசி விரத நாட்களிலும் சாப்பிடலாம். எங்கள் வீட்டில் பீன்ஸ் கறியோடு வைக்கிறோம்; ஆயாவுக்கும் பிடித்துப்போனது. மிஞ்சியதை ஃபிரிஜ்ஜில் வைக்காதீர்கள், சீக்கிரம் இறுகிவிடும். வெளியே வைத்தால் இந்த ஈரக்காற்றில் பூசணம் பிடிக்கும். துண்டுபோட்டு உறைபெட்டியில் வைத்து, வேண்டும்போது அப்படியே சூடான அடுப்பில் ஐந்தாறு நிமிடம் காட்டினால் போதும்.