ஆர்94.6 என்பது நோயின் பெயரன்று

அன்புள்ள தங்கைக்கு,

கோயம்புத்தூரிலிருந்து டல்லாஸுக்கு வந்து 5 மாதங்களே ஆகின்றன என்றும், ஆண்டுப் பரிசோதனையில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் அளவு இயல்பைவிடக் கூடுதலாக, 7.2 என்று வந்ததால் மருத்துவர் உங்கள் பதிவில் ‘ஆர்94.6’ என்று குறித்திருக்கிறார் என்றும், இதனால் காப்பீட்டில் வில்லங்கம் வருமோ, அதை எடுத்துவிடச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னையில் 6 ஆண்டுகள் மெடிக்கல் கோடிங் (மருத்துவர் எழுதிய குறிப்புகளைக் காப்பீட்டுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை) பார்த்துவிட்டு, 2011 முதல் நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் வேலை செய்பவள். அமெரிக்க நோயாளிகளின் கோப்புகளைச் சென்னையிலேயே ஆயிரக்கணக்கில் படித்திருந்தும், இங்கே நானே நோயாளியாகிப் பில் வாங்கிய பிறகுதான் அந்தக் குறியீடுகளின் கனம் எனக்குப் புரிந்தது.

நோய்களுக்கும் அறிகுறிகளுக்கும் இங்கே குறியீடு தரும் ஐசிடி-10-சிஎம் தொகுதியில் ‘ஆர்’ என்று தொடங்குபவை பெரும்பாலும் நோய்களல்ல. அறிகுறிகளும், இன்ன நோயென்று இன்னும் முடிவாகாத பரிசோதனை முடிவுகளுமே அங்கே இடம்பெறுகின்றன. தைராய்டு செயல்பாட்டுப் பரிசோதனையின் முடிவு இயல்புக்கு மாறாக இருக்கிறது என்பதற்கு மேல் ஆர்94.6 எதையும் சொல்வதில்லை. 2015 அக்டோபர் 1ஆம் நாள் இந்தத் தொகுதி நடைமுறைக்கு வருமுன் இதற்கே 794.5 என்ற எண் இருந்தது. புறநோயாளிப் பிரிவில் மருத்துவர் ‘தைராய்டு குறைபாடு இருக்கலாம்’ என்று எழுதினால், அந்த ‘இருக்கலா’மை நோயாக்கி, தைராய்டு குறைபாட்டுக்குரிய ஈ03.9 என்று குறிக்க எங்களுக்கு அனுமதியில்லை. உறுதியாகத் தெரிந்தது எதுவோ அதை மட்டுமே குறிக்க வேண்டும். ஆகவே, ஒரே ஒரு முடிவை மட்டும் கையில் வைத்திருந்த உங்கள் மருத்துவர் நேர்மையாகவே நடந்திருக்கிறார். நீங்கள் அஞ்சும் முத்திரையை அவர் இன்னும் குத்தவேயில்லை.

காப்பீட்டைப் பற்றிய அச்சத்துக்கும் பெரிய காரணமில்லை. முன்பே இருந்த நோயைக் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுப்பதும் கூடுதல் தொகை கேட்பதும் 2014 முதல் சட்டப்படி தடுக்கப்பட்டிருக்கின்றன. கணவரின் அலுவலகம் வழியாக வரும் காப்பீட்டுக்கும் இது பொருந்தும். ஆயுள் காப்பீட்டின் கதை வேறு. அங்கே உடல்நலத்தைப் பற்றிக் கேட்பார்கள், மறைத்தால்தான் பின்னால் சிக்கல்.

பணம் கடிக்கும் இடம் வேறொன்று. நம் ஊரில் லேபுக்கு நேரே போய்க் காசைக் கட்டி இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறோம்; இங்கே காப்பீடு பணம் தர வேண்டுமானால், அந்தப் பரிசோதனை எதற்காக என்பதை மருத்துவரின் ஆணைச் சீட்டிலுள்ள குறியீடு சொல்ல வேண்டும். நான் வந்த முதல் ஆண்டில், ஓயாத அசதி என்று மருத்துவரிடம் முறையிட்டு டிஎஸ்எச் பார்த்தேன். ஆணைச் சீட்டில் அசதி விடுபட்டு, வழக்கமான ஆண்டுப் பரிசோதனைக்குரிய எண் மட்டும் ஏறிவிட்டது. காப்பீட்டு நிறுவனத்துக்குப் பணம் கேட்டு அனுப்பிய கிளெய்ம் திரும்பி வந்து, முழுத் தொகையும் என் தலையில் விழுந்தது. மருத்துவரின் குறிப்பில் அசதி எழுதப்பட்டிருந்ததால், அசதிக்கு அன்றிருந்த 780.79 என்ற எண்ணைச் சேர்த்து மறுபடி அனுப்பச் செய்ய முடிந்தது. குறிப்பில் அந்த ஒரு வரி இல்லாமற்போயிருந்தால் கட்டித்தான் தீர்த்திருப்பேன், ஏனெனில் காப்பீடு பணம் தர வேண்டுமென்பதற்காக இல்லாத நோயை எழுதித் தரக் கேட்பது இங்கே மோசடி. எனவே, அடுத்த இரத்தப் பரிசோதனைக்குரிய சீட்டில் காரணம் சொல்லும் குறியீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு உங்கள் பதிவில் அந்தக் காரணம் ஆர்94.6தான். அதை நீக்கச் சொன்னால், மறுபரிசோதனைக்கான காரணத்தையே நீக்கச் சொன்னதாகிவிடும். குறியீடு சரியாக இருந்தாலும் டிடக்டிபிள் தொகை (காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டியது) முடியும்வரை செலவு உங்கள் கையிலிருந்து போகத்தான் செய்யும்.

இனி, உங்கள் கேள்வியின் கடைசி வரிக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் 2 ஆண்டுகள் 50 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை சாப்பிட்டதையும், கொண்டுவந்தது தீர்ந்து 2 மாதங்களாக நிறுத்தியிருப்பதையும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியில் எழுதியிருக்க வேண்டியது இதுதான்! மருத்துவரிடமும் இதைச் சொல்லவில்லை என்றே உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. ஏற்கெனவே உறுதியான தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை எடுத்தவர் அதை நிறுத்தியபின் டிஎஸ்எச் ஏறினால், அது காரணம் தெரியாத முடிவன்று. நோயின் பெயரே குறியீடாக வர வேண்டும். மருத்துவர் வேறு காரணம் எழுதாதவரை அது ஈ03.9 ஆக இருக்கும். அங்கே எதிர்ப்பணுச் சோதனை செய்து ஹாஷிமோட்டோ (உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் நோய்) என்று சொல்லியிருந்தால் ஈ06.3 ஆகும். மாத்திரையை மறுபடி தொடங்கியபின் 6 முதல் 8 வாரங்களில் டிஎஸ்எச் பார்ப்பது வழக்கம், அந்தப் பரிசோதனையும் இந்த எண்ணிலேயே போகும். ஆர்94.6இல் தேங்கி நின்றால், தெரிந்த நோயையே அவர்கள் புதிதாகத் தேடிக்கொண்டிருப்பார்கள், ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு பில் வரும்.

அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல், நோயாளிகளுக்கான இணையக் கணக்கு வழியாக இன்றே மருத்துவருக்கு எழுதுங்கள். எந்த ஆண்டு கண்டறிந்தார்கள், அப்போது டிஎஸ்எச் எவ்வளவு, எந்த மாதம் நிறுத்தினீர்கள் என்பவை போதும். பழைய லேப் அறிக்கையுடன் மாத்திரை டப்பாவையும் படமெடுத்து இணையுங்கள். அளவு அச்சிட்டிருக்கும் பக்கம் தெளிவாகத் தெரியட்டும்.