அப்பத்தாவுக்குத் தனித் துண்டு, அந்தப் பெண்ணுக்கு?

கேள்வி: வயது 25. தேவகோட்டைப் பக்கம் ஊர், சென்னையில் வேலை. நான்கு மாதமாக ஆசனவாயைச் சுற்றிச் சின்னச் சின்ன மருக்கள். வீட்டில் மூலம் என்று சொல்லிவிட்டேன். ஆத்தா கருணைக்கிழங்காகச் சமைத்துப் போடுகிறார். டாக்டர் வைரஸ் மரு என்று களிம்பு கொடுத்திருக்கிறார். ஊருக்கு வந்தால், அப்பத்தாவுக்கு ஒட்டிவிடுமோ என்று என் துண்டைத் தனியாகக் காயப்போடுகிறேன். தையில் கல்யாணம். அதற்குள் போய்விடுமா?

பதில்: தம்பி, அப்பத்தாவை நினைத்துத் துண்டைப் பிரித்து வைத்திருக்கிறீர்கள். கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. தையில் கல்யாணம், சரி. யாரோடு?

துண்டு வழியாக இந்த மரு பரவுவதற்குத் தெளிவான ஆதாரம் கிடையாது. தோலோடு தோல் உரசி, பெரும்பாலும் உடலுறவில்தான் ஒட்டுகிறது. அப்பத்தாவுக்குப் பயமில்லை. பயப்பட வேண்டியது அந்தப் பெண்ணுக்காக. அவளை விட்டுவிட்டுத் துணிக்கொடிக்குக் காவல் இருக்கிறீர்கள்!

மரு போகும். களிம்பு கேட்காவிட்டால் உறையவைத்தோ சுட்டோ வெட்டியோ எடுப்பார்கள். பல தடவை போக வேண்டிவரும். உள்ளேயும் இருக்கிறதா என்று டாக்டர் பார்த்தாரா? இல்லையென்றால் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கை மருவுக்கு விற்கும் ஆசிட் மருந்தை அங்கே வைத்துவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் இருக்கும், எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியமாகவும் வைப்பார்கள். உடலுறவில் பரவும் இன்னொரு நோயான சிபிலிஸுக்கும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் வைத்தியம் முடிந்த முதல் மூன்று மாதத்தில் மரு திரும்ப முளைப்பது சகஜம். உதிர்ந்த பிறகும் மருவுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் தோலில் சில காலம் தங்கும், ஆணுறை மூடாத இடத்திலிருந்தும் ஒட்டும். அதனால் தைக்குள் உதிர்ந்துவிட்டால் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தால், அது நடக்காது.

மருவைத் தருவது பெரும்பாலும் இந்த வைரஸில் 6, 11 என்ற வகைகள். அவை புற்றுநோயில் கொண்டுபோய் விடுவதில்லை. கூடவே 16, 18 வகைகளும் ஒருவரிடம் இருக்கலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் அவைதான். நம் நாட்டிலேயே தயாராகும் செர்வாவேக் தடுப்பூசி இந்த நான்கு வகைக்கும் எதிரானது. வந்துவிட்ட மருவை அது போக்காது. வைரஸ் ஒட்டுவதற்கு முன்னால் போட்டால்தான் நல்ல பலன். கல்யாண வயதுப் பெண்ணுக்கு மூன்று ஊசி: இன்று ஒன்று, இரண்டாம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. இது ஆவணி. இப்போது தொடங்கினால் ஐப்பசியில் இரண்டாவது முடிந்துவிடும், மூன்றாவது மாசியில். நீங்கள் வாயைத் திறக்காத ஒவ்வொரு வாரமும் அவள் கணக்கில் குறைகிறது.

நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதுகிறோம். சாமான் பரப்பிப் பாத்திரம் பண்டம் வரை ஊருக்குக் காட்டுகிறோம். இவ்வளவும் காட்டுகிற வீட்டில், அவள் உடம்புக்கு வரப்போவதை மட்டும் மறைப்பதா? விஷயம் தெரியாமல் அவள் சொல்லும் சம்மதம் சம்மதமே இல்லை. இதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது.

எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அவள் கேட்பாள், கேட்க உரிமை உண்டு. போனில் வேண்டாம், நேரில் சொல்லுங்கள், அவள் விரும்பினால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கல்யாணம் நின்றுவிடுமோ என்கிறீர்களா? நிற்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவள் அவள். இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் என்ன சொல்வது என்பதை அவளோடு பேசிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆத்தாவிடம் மூலம் இல்லை, தோலில் ஒரு தொந்தரவு, வைத்தியம் நடக்கிறது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். துண்டை எல்லார் துணியோடும் காயப்போடுங்கள்.