எலிப்டிகலில் சலிப்பின்றிப் பயிற்சி செய்ய: கேள்வி பதில்

கேள்வி (மன்னார்குடி): ஹரித்ரா நதி தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்த நான், ஐப்பசி மழைக்குப் பயந்து, நின்றபடி மிதிக்கும் உடற்பயிற்சி இயந்திரமான எலிப்டிகல் வாங்கினேன். பதினைந்து நாளிலேயே சலித்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: குளக்கரையில் காற்றும் மனிதர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள்; இயந்திரத்தில் நீங்கள்தான் மாற்ற வேண்டும். பலரும் வேகத்தை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். வேகத்தைவிட, ரெசிஸ்டன்ஸ் எனப்படும் தடையளவை மாற்றுவதே அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து. முதல் 5 நிமிடம் இலேசாக மிதியுங்கள். பிறகு, இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் பேச முடியாத அளவுக்குத் தடையைக் கூட்டி 1 நிமிடம், மூச்சு அடங்கும்படி குறைத்து 2 நிமிடம் என ஆறு முறை செய்து, கடைசி 5 நிமிடம் மெதுவாக மிதித்து இறங்குங்கள். முறைப்பாசனம் பார்த்து வளர்ந்த நமக்கு, விட்டு விட்டுத் திறப்பதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கடினப் பயிற்சி வாரத்தில் இரண்டு நாள் போதும். மற்ற நாள்களில் தடையை மாற்றாமல், அசையும் கைப்பிடியைச் சிறிது நேரம் தள்ளியும் சிறிது நேரம் இழுத்தும், பின்னர் நிலையான பிடியைப் பற்றிக் கால்களால் மட்டுமே மிதித்தும் வேலையை இடம் மாற்றுங்கள்.

கேள்வி (திருவாரூர்): பின்னோக்கி மிதிப்பது நல்லதா?

பதில்: நல்லதுதான். பின்தொடைக்குத்தான் வேலை என்று பலர் சொல்வார்கள். என் அனுபவத்தில் முன்தொடைதான் முதலில் எரிகிறது. முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலி உள்ளவர்கள் தவிர்க்கலாம். மற்றவர்கள் தடையைக் குறைத்து, நிலையான பிடியைப் பற்றிக்கொண்டு 1 நிமிடத்திலிருந்து தொடங்கலாம்.

கேள்வி (கும்பகோணம்): பத்து நிமிடத்தில் கால்விரல்கள் மரத்துப்போகின்றன.

பதில்: அம்மா, கண்ணாடி முன் மிதித்துப் பாருங்கள்; குதிகால் பெடலை விட்டு எழும்பிக்கொண்டே இருக்கும். பாதம் பெடலை விட்டு நீங்காததால் மூட்டுக்கு அதிர்ச்சி குறைகிறது; ஆனால், அதே காரணத்தால் முன்பாதத்தின் மீது அழுத்தம் ஓயாமல் விழுகிறது. குதிகாலை ஊன்றுங்கள், ஷூவின் கயிற்றைச் சற்றுத் தளர்த்துங்கள், இடையிடையே பின்னோக்கி மிதியுங்கள். இயந்திரத்தில் இல்லாத நேரத்திலும் மரத்துப்போனால், குறிப்பாகச் சர்க்கரை நோய் இருந்தால், மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): எனக்கு வயது 58. இரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். இதயத் துடிப்பு எவ்வளவு இருக்கலாம்?

பதில்: 220-இலிருந்து வயதைக் கழித்தால் 162 வரும், அதுவே உச்சத் துடிப்பு என்பது பொதுவான தோராயக் கணக்கு. ஆனால், தாங்கள் சாப்பிடும் மாத்திரை துடிப்பையே அடக்கி வைப்பதால் அந்தக் கணக்கு தங்களுக்குப் பொருந்தாது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற நிலையை மிதமான உழைப்பாகக் கொள்ளுங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் பதிலில் சொன்ன கடினப் பயிற்சியை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கேள்வி (நாகப்பட்டினம்): அரை மணி நேரத்தில் 400 கலோரி என்று திரை காட்டுகிறதே, நம்பலாமா?

பதில்: வேண்டாம். தங்கள் எடையைக்கூடக் கேட்காத இயந்திரம் தோராயமாகத்தான் சொல்லும். கைப்பிடியில் சாய்ந்து உடல் பாரத்தை இறக்கி வைத்தாலும் எண் ஏறிக்கொண்டுதான் இருக்கும். நேற்றைய எண்ணோடு இன்றையதை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். அதுவும் தொந்தரவாக இருந்தால் திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள்.